ஸ்டிக்கு சரியில்லனா மரியோ மெதுவா நடக்க மாட்டான்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

போன வாரம் உங்க ஞாயிறு இணைப்புல பழைய வீடியோ கேம் கன்சோல் எல்லாம் ஜனங்க திரும்பத் தேடி வாங்குறாங்கன்னு ஒரு கட்டுரை போட்டிருந்தீங்க, படிச்சேன், ரொம்ப சந்தோஷம், இந்த மாதிரி விஷயத்துக்கு எல்லாம் தமிழ் பேப்பர்ல அரைப்பக்கம் ஒதுக்குவாங்கன்னு நான் நினைச்சதே இல்ல. ஆனா அதுல நின்டெண்டோ 64 பத்தி வர்ற இடத்துல, ஒரிஜினல் கன்ட்ரோலர் போயிடுச்சுன்னா கவலைப்படாதீங்க, பாக்க அச்சு அசலா அதே மாதிரி வேற கம்பெனி கன்ட்ரோலர் ஆன்லைன்ல கம்மி விலைக்குக் கிடைக்குது, எது வாங்குனாலும் ஒண்ணுதான்ங்கற அர்த்தத்துல எழுதியிருக்காங்க. அதப் படிச்சதும் எனக்கு டீ உள்ள எறங்கல. எது வாங்குனாலும் ஒண்ணு இல்லீங்க. நான் அப்படி நம்பி ரெண்டு தடவ காச விட்டவன், அதனாலதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாத்தான் போகும், பொறுத்துக்கோங்க.

மொதல்ல எங்க வீட்டுக் கதை. 2001ல எங்க சித்தப்பா நியூ ஜெர்சில இருந்து லீவுக்கு வந்தப்போ அவங்க பையன் ஆடி முடிச்ச நின்டெண்டோ 64 ஒண்ண பெட்டியில போட்டு எடுத்துட்டு வந்தாரு, ரெண்டு கன்ட்ரோலர், மூணு கேசட்டு, மரியோ 64, மரியோ கார்ட் 64, மரியோ பார்ட்டி. அது 110 வோல்ட்டு ஊரு சாமான், நம்ம 230ல நேரா சொருகுனா பொகைதான் வரும், அதனால ஒரு ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினோம், கன்சோலைவிட அந்த இரும்புப் பெட்டி கனம், ஓடும்போது ஒரு உறுமல் வேற. அப்போ எங்க தெருவுல எல்லார் வீட்லயும் இருந்தது நம்ம டிவி கேம்தான், அதான் மஞ்சள் கேசட்டு போட்டு ஆடுவோமே, அது. அதோட கன்ட்ரோலர் போயிடுச்சுன்னா கடைக்குப் போய் வேற ஒண்ண வாங்கிட்டு வருவோம், எந்த கம்பெனின்னுகூட யாரும் கேக்க மாட்டோம், பெரும்பாலும் சேர்ந்துடும், ஆடும்.

அந்தப் பழக்கம்தான் நம்மள ஏமாத்துது. ஏன்னு கேட்டா அந்த டிவி கேம் கன்ட்ரோலர்ல எட்டு பட்டன், அவ்வளவுதான், ஒவ்வொண்ணும் ஒண்ணு அமுங்கியிருக்கும் இல்ல அமுங்கியிருக்காது, நடுவுல எதுவும் கெடையாது. நம்ம வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி. அதை யார் காப்பி அடிச்சாலும் ஏறக்குறைய சரியா வந்துடும், ரப்பர் கொஞ்சம் கட்டியா இருக்கும், பட்டன் கொஞ்சம் லொடலொடன்னு இருக்கும், ஆனா கேமுக்குப் போய்ச் சேர்ற சேதி ஒண்ணுதான். நின்டெண்டோ 64 அப்படி இல்ல. 1996 ஜூன் 23ல ஜப்பான்ல அது வந்தப்போ கன்ட்ரோலர் நடுவுல ஒரு அனலாக் ஸ்டிக்க வச்சான், லேசா தள்ளுனா மரியோ அடி மேல அடி வச்சு நடப்பான், இன்னும் தள்ளுனா நடப்பான், முழுசா தள்ளுனா ஓடுவான். சுவிட்ச் போய் ஃபேன் ரெகுலேட்டர் வந்த மாதிரி. ரெகுலேட்டர காப்பி அடிக்கணும்னா வெளிய இருக்குற குமிழ் மட்டும் ஒரே மாதிரி இருந்தா பத்துமா, ரெண்டுல வச்சா ரெண்டு ஸ்பீடுல சுத்தணுமே. உங்க கட்டுரை எழுதுனவரு குமிழ மட்டும் பாத்திருக்காரு.

இந்த ஸ்டிக்குக்கு உள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் சொல்லியே ஆகணும். பழைய கம்ப்யூட்டர் மவுஸ் ஞாபகம் இருக்கா, அடியில ரப்பர் உருண்டை போட்டிருக்குமே, அத கழட்டிப் பாத்திருந்தா ஓரமெல்லாம் ஓட்டை போட்ட குட்டிச் சக்கரம் ரெண்டு இருக்கும், ஒரு பக்கம் லைட்டு, இன்னொரு பக்கம் அந்த லைட்ட பாக்குற சென்சாரு, சக்கரம் சுத்த சுத்த வெளிச்சம் விட்டு விட்டு வரும், அத எண்ணிக்கிட்டே இருக்கும். அதே சமாச்சாரம்தான் இங்கயும், ஒரு சக்கரம் இடது வலதுக்கு, ஒரு சக்கரம் மேல கீழுக்கு. இதுல ஒரு விசேஷம், அது எண்ணிக்கை மட்டும்தான் போடும், நடு எங்க இருக்குன்னு அதுக்குத் தானா தெரியாது, கன்சோல ஆன் பண்ற நேரத்துல ஸ்டிக்கு எங்க இருக்கோ அதுதான் நடுன்னு எடுத்துக்கும். சின்ன வயசுல ஸ்டிக்க புடிச்சுக்கிட்டே பவர் பட்டன தள்ளிட்டு மரியோ தானா நடக்குறான் பேய் புடிச்சிருச்சுன்னு தங்கச்சிய பயமுறுத்தியிருக்கேன். எல், ஆர், ஸ்டார்ட் மூணையும் சேர்த்து அமுக்குனா திரும்ப நடுவுக்கு வந்துடும், இது தெரியாம கன்ட்ரோலர் போச்சுன்னு தூக்கிப் போட்டவங்க எத்தனை பேரோ.

கன்சோலுக்குப் போற நம்பர் மைனஸ் 128ல இருந்து பிளஸ் 127 வரைக்கும் போகலாம், கணக்குல அவ்வளவு எடம் இருக்கு. ஆனா ஒரிஜினல் ஸ்டிக்கு புதுசா இருக்கும்போதே முழுசா தள்ளுனா 80, 85 கிட்டதான் போகும், சுத்தி எட்டு மூலை வச்ச ஒரு பிளாஸ்டிக் வளையம் அத நிறுத்திடும். கேம் எழுதுனவங்க எல்லாம் அந்த அளவ மனசுல வச்சுத்தான் எழுதுனாங்க. மரியோ 64ல நடுவுல ஒரு சின்ன அசைவ கண்டுக்காம விட்டுட்டு 64க்கு மேல எவ்வளவு வந்தாலும் 64ன்னுதான் எடுத்துக்கும். இப்போ கம்மி விலை டூப்ளிகேட்டுக்கு வருவோம், அதுல அந்த ஓட்டை சக்கரம் எல்லாம் கெடையாது, ரேடியோ வால்யூம் திருகுல இருக்குமே பொட்டன்ஷியோமீட்டர், அதத்தான் போடுறான், அது தப்பு இல்ல, இன்னைக்கு நிறைய கன்ட்ரோலர்ல அதான் இருக்கு. தப்பு எங்கன்னா அத 80க்கு அளவு வச்சு நிறுத்தாம 100க்கு மேல போற மாதிரி விட்டுடுறான். அப்போ என்ன ஆகும், பாதி தள்ளும்போதே கேம் முழுசா தள்ளிட்டான்னு நினைச்சுக்கும், மிச்சப் பாதி தூரம் சும்மா. மரியோ ஒண்ணு நிப்பான் இல்ல ஓடுவான். நடக்க மாட்டான்.

நான் மொதல்ல வாங்குனது இந்த ரகம். எந்த சைட்டுன்னு சொல்ல வேண்டாம், டப்பால கம்பெனி பேரே கெடையாது. சாம்பல் கலரு, மூணு கைப்பிடி, மஞ்சள் சி பட்டன் நாலு, பச்சை பி, நீல ஏ, போட்டோல பாத்தா ஒரிஜினலேதான். கையில எடுத்ததும் கொஞ்சம் லேசா இருக்கேன்னு ஒரு சந்தேகம், சரி போகட்டும்னு சொருகி மரியோ 64 போட்டேன். அதுல ரெண்டாவது உலகத்துல தூங்கிக்கிட்டு இருக்குற ஒரு பூச்செடி இருக்கும், பல்லெல்லாம் வச்சுக்கிட்டு, ஆடுனவங்களுக்குத் தெரியும். பூனை மாதிரி மெதுவா போனா அது முழிக்காது, கொஞ்சம் வேகமா போனா முழிச்சுக்கிட்டு கடிக்க வந்துடும். என் பொண்ணு, ஒம்பது வயசு, பத்து தடவ போனா பத்து தடவயும் கடி வாங்குனா. அப்பா எனக்கு ஆட வரலன்னு மூஞ்சிய தொங்கப் போட்டுக்கிட்டா. நான் வாங்கி ஆடிப் பாத்தேன், இருபது வருஷமா இந்தச் செடிய தாண்டுனவன், எனக்கும் கடி. அப்பதான் புரிஞ்சுது தப்பு பொண்ணு மேல இல்லன்னு. ஆசிரியர் சார், உங்க கட்டுரைய படிச்சிட்டு யாராவது அந்த மாதிரி ஒண்ண வாங்கி வீட்டுப் பிள்ளைக்குக் குடுத்தா, அது நமக்கு ஆட வரலன்னுதான் நினைக்கும், அதான் எனக்கு ஆத்திரம்.

அண்ணன் பையன் டிப்ளமோ எலெக்ட்ரானிக்ஸ் படிக்கிறான், அவன்கிட்ட சொன்னேன். இந்த கன்ட்ரோலர் வயர்ல ஓடுறது மூணே மூணு கம்பிதான் சித்தப்பா, ஒண்ணு 3.3 வோல்ட்டு, ஒண்ணு கிரவுண்டு, ஒண்ணுலதான் சேதி அத்தனையும் போய் வருது, அர்டுயினோன்னு ஒரு குட்டி எலெக்ட்ரானிக்ஸ் போர்டு, அது இருந்தா அந்தச் சேதிய படிச்சிடலாம்னான். சொன்ன மாதிரியே ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு அப்புறம் உக்காந்து லேப்டாப்ல நம்பர் ஓட விட்டான். சித்தப்பா கொண்டு வந்த பழைய கன்ட்ரோலர்ல வலது பக்கம் முழுசா தள்ளுனா 58, அதுக்கு மேல நகரல, தேஞ்சு போச்சு. டூப்ளிகேட்டுல கால்வாசிக்கு கொஞ்சம் மேல தள்ளுனதுமே 60 தாண்டுது, கடைசியில 118. விட்டா நடுவுக்கு வந்து 0ல நிக்காம 5, 7, 4ன்னு ஆடிக்கிட்டே கெடக்கு. ஒண்ணு சோம்பேறி, ஒண்ணு அவசரக்குடுக்கை, நடுவுல நான்.

பழையது ஏன் தேஞ்சுதுன்னா, ஸ்டிக்கோட அடி ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்துல உக்காந்து ஒரசிக்கிட்டே இருக்கும், ரெண்டும் பிளாஸ்டிக்கு, கழட்டிப் பாத்தா உள்ள வெள்ளையா மாவு மாதிரி கொட்டிக் கெடக்கும், அது ஸ்டிக்கோட உடம்புதான் மாவா போயிருக்கு. சீக்கிரம் தேய வைக்கிறதுல மரியோ பார்ட்டிய அடிச்சிக்க ஆளே இல்ல. அதுல சில வெளையாட்டுக்கு ஸ்டிக்க முடிஞ்ச வேகத்துல சுத்தணும், கட்டை விரல் பத்தாதுன்னு எல்லாரும் உள்ளங்கைய வச்சு மாவாட்டுற மாதிரி ஆட்டுவோம், தோல் உரிஞ்சு கொப்புளம் வந்துடும். நம்ம வீட்டுப் பிரச்சனை மட்டும் இல்ல அது, அமெரிக்காவுல இந்தக் கொப்புள விஷயம் நியூயார்க் அட்டர்னி ஜெனரல் வரைக்கும் போய், 2000ல நின்டெண்டோ கேம் வாங்குனவங்களுக்கு கையுறை குடுக்குறோம்னு ஒத்துக்கிச்சு. வீடியோ கேம் ஆட கையுறை! எங்க அம்மாவுக்கு அப்பவே இது தெரிஞ்சிருந்தா அந்தக் கேசட்ட அடுப்புல போட்டிருப்பாங்க.

நான் பண்ண முட்டாள்தனத்தையும் சொல்லிடுறேன். தேஞ்ச ஸ்டிக்கு கறகறன்னு இருக்கேன்னு ஒரு நாள் நாலு சொட்டு தேங்காய் எண்ணெய் விட்டேன். ரெண்டு நாள் வெண்ணெய் மாதிரி ஓடுச்சு. அப்புறம் அந்த வெள்ளை மாவும் எண்ணெயும் சேர்ந்து களி ஆகி, மார்கழி மாசம் வேறயா, எண்ணெய் உறைஞ்சு ஸ்டிக்கு தள்ளுன எடத்துலயே நின்னுக்கிச்சு. பிளாஸ்டிக்குக்குன்னு விக்கிற வெள்ளை கிரீஸ் இருக்கு, அத கடுகளவு தடவலாம், அதுவும் மாவ சுத்தமா தொடச்சிட்டு. தேங்காய் எண்ணெய தலைக்கு மட்டும் வச்சுக்கோங்க.

ரெண்டாவது தடவ காசு போனது ரிப்பேர்ல. ஒரு கடையில, எந்த ஊரு எந்தத் தெருன்னு வேண்டாம், பழைய கன்ட்ரோலர்ல புது ஸ்டிக்கு மாத்தித் தர்றேன்னாங்க. மாத்துனதும் பாத்தா பளபளன்னு புது தலை, கேம்கியூப் (நின்டெண்டோவோட அடுத்த கன்சோல்) ஸ்டைல் ஸ்டிக்குன்னு சொல்லுவாங்க இத, ரப்பர் தொப்பி போட்டது. வீட்டுக்கு வந்து அர்டுயினோவுல மாட்டுனா பழைய கதைதான், 100 தாண்டுது. உடம்பு ஒரிஜினல், உயிரு டூப்ளிகேட்டு. கழட்டுன பழைய ஸ்டிக்க கேட்டா குப்பையில போட்டுட்டேன்னுட்டாரு. அதுதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் பெரிய வருத்தம், அந்தத் தேஞ்ச ஸ்டிக்குக்குள்ள சக்கரமும் சென்சாரும் நல்லாத்தான் இருந்துச்சு, கிண்ணமும் பல்லுச்சக்கரமும் மட்டும் மாத்தியிருந்தா பொழச்சிருக்கும்.

அப்போ வேற கம்பெனி செஞ்சதுல நல்ல கன்ட்ரோலரே இல்லையான்னு கேட்டா, இருக்கு, ஆனா வேடிக்கை என்னன்னா அதுல நல்ல பேரு வாங்குனது எதுவும் ஒரிஜினல் மாதிரியே இருக்காது. ஹோரி மினி பேட்னு ஒண்ணு, ஜப்பான்ல மட்டும் வித்தது, அந்தக் காலத்துலயே இந்த மூணு கைப்பிடி நமக்கு வேண்டாம்னு முடிவு பண்ணி ரெண்டு கைப்பிடியில சின்னதா, அடக்கமா பண்ணுனான். ஸ்டிக்கு வேற மாதிரி, தேய்மானம் கம்மி, விட்டா டக்குனு நடுவுக்கு வந்து நிக்கும். நான் ஒரே ஒரு தடவ ஒரு நண்பர் வீட்ல தொட்டுப் பாத்திருக்கேன், அஞ்சு நிமிஷம், பூச்செடிய மொத தடவயே தாண்டுனேன். ஆனா இப்போ பழசு விக்கிறவங்க சொல்ற வெலைக்கு ஒரு பசுமாட்டுக்கு அட்வான்ஸ் குடுத்துடலாம்.

அந்த ஹோரி சாயல்லயே ரெட்ரோ பிட் கம்பெனி ட்ரிப்யூட் 64னு ஒண்ணு பின்னாடி கொண்டு வந்துச்சு, பேர்லயே மரியாதை செலுத்திட்டான். சின்னக் கை உள்ளவங்களுக்கு நல்லா அடங்கும், எங்க வீட்ல யாருக்காவது ஒண்ணே ஒண்ணு வாங்கணும்னா என் பொண்ணுக்கு இதத்தான் வாங்குவேன். என் கைக்கு ரெட்ரோ ஃபைட்டர்ஸ்காரன் பிராலர் 64தான் ஒத்து வருது. 2017ல கிக்ஸ்டார்ட்டர்ல ஜனங்ககிட்ட முன்பணம் வாங்கி ஆரம்பிச்ச கன்ட்ரோலர் அது, இப்போ உள்ள பிள்ளைங்க புடிக்கிற கன்ட்ரோலர் மாதிரியே ரெண்டு கைப்பிடி. சித்தப்பா பொண்ணு வந்தப்போ வயர் வச்சதா ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னேன். இசட் பட்டன் மட்டும் எனக்குப் பழக ஒரு வாரம் ஆச்சு, ஏன்னா ஒரிஜினல்ல அது நடுக் கைப்பிடிக்குப் பின்னாடி துப்பாக்கி விசை மாதிரி இருக்கும், கோல்டன்ஐங்கற துப்பாக்கி கேம் ஆடும்போது அத அமுக்கி சுடுறதே ஒரு தனி சுகம், அந்த சுகம் வேற எந்த கன்ட்ரோலர்லயும் வராது. உங்க கட்டுரையில மனுசனுக்கு ரெண்டு கைதானே எதுக்கு மூணு கைப்பிடின்னு ஒரு கிண்டல் இருந்துச்சு, அதுக்கும் பதில் சொல்லிடுறேன், மூணையும் புடிக்கிறதுக்கு இல்ல அது. பழைய மாதிரி ஆடுற கேமுக்கு ஓரத்து ரெண்டையும் புடிக்கணும், ஸ்டிக்கு வச்சு ஆடுறதுக்கு நடுவையும் வலதையும். அனலாக் ஸ்டிக்கு அப்போ புதுசு, ஜனங்க எது பக்கம் போவாங்கன்னு தெரியாத காலம், ரெண்டுக்கும் எடம் விட்டான். கோல்டன்ஐல ஒருத்தரே ரெண்டு கன்ட்ரோலர ரெண்டு கையில நடுப்புடியில புடிச்சு ஆடுற செட்டிங்கூட உண்டு, இன்னைக்கு எல்லா கன்ட்ரோலர்லயும் ரெண்டு ஸ்டிக்கு இருக்கே, அத 1997லயே இப்படி ஒட்டுப் போட்டு பண்ணியிருக்காங்க.

வயர் வச்சதுன்னு அழுத்திச் சொல்றேன், காரணம் இருக்கு. இந்த கன்ட்ரோலருக்குப் பின்னாடி ஒரு பொந்து இருக்கும், அதுல கன்ட்ரோலர் பேக் சொருகலாம், 32 கிலோபைட் மெமரி, உள்ள ஒரு பொத்தான் பேட்டரி, சில கேமுக்கு ஆட்டத்த சேவ் பண்ண அது ஒண்ணுதான் வழி. மரியோ கார்ட்ல கோஸ்ட், அதாவது நாம ஓட்டுன ரேஸோட பதிவு, அத சேவ் பண்ணணும்னாலும் அது வேணும். இல்லனா 1997ல வந்த ரம்பிள் பேக் சொருகலாம், ரெண்டு சின்ன பேட்டரி போட்டா மோதும்போது கையில அதிரும். எய்ட்பிட்டூ 64னு ஒரு புளூடூத் கன்ட்ரோலர் இப்போ பேசப்படுது, பாக்க அழகா இருக்கு, ஆனா அதுல அந்தப் பொந்து கெடையாது, தவிர பழைய கன்சோல்ல நேரா மாட்டவும் முடியாது, நடுவுல புளூரெட்ரோ மாதிரி ஒரு அடாப்டர் வேணும். நின்டெண்டோவே 2021ல ஸ்விட்ச்ங்கற அவங்க புது கன்சோலுக்காக வெளியிட்ட புளூடூத் 64 கன்ட்ரோலரும் அப்படித்தான், அது கம்பெனி சாமான், அச்சா பழைய உருவம், ஆனா பழைய கன்சோலுக்கு வயரே இல்லையே. உங்க கட்டுரையில வயர்லெஸ்னா வசதின்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க, வசதிதான், விடிய விடிய ஆடி கோப்பைய ஜெயிச்சிட்டு அத சேவ் பண்ண எடமில்லாம கன்சோல ஆஃப் பண்ணும்போது அந்த வசதி தெரியும்.

கேம் பழசோ புதுசோ கேசட்டுலயே பேட்டரியோ சிப்போ வச்சு சேவ் ஆகுறதும் உண்டு, மரியோ 64 அப்படித்தான், அதனால மரியோ மட்டும் ஆடுறவங்களுக்கு இந்தப் பொந்துப் பிரச்சனை இல்ல, அதையும் நியாயமா சொல்லணும்.

இதையெல்லாம் விட நான் சொல்ல வந்தது, மொத வேலையா பழச ரிப்பேர் பண்ணப் பாருங்கன்னு அந்தக் கட்டுரையில ஒரு வரி இருந்திருக்கலாம். கன்சோல தொறக்கத்தான் தனி ஸ்குரூ டிரைவர் வேணும், கன்ட்ரோலருக்கு வீட்ல இருக்குற சாதா ஸ்டார் டிரைவரே போதும், தொறந்தா ஸ்டிக்கு ஒரு தனி டப்பா மாதிரி இருக்கும், மூணு ஸ்குரூ, ஒரு ஆறு கம்பி பிளக்கு, புடுங்குனா கையில வந்துடும். தேயிறது கிண்ணமும் ஸ்டிக்கும் அந்தப் பல்லுச்சக்கரமும்தான், அது மட்டும் தனியா புதுசா செஞ்சு விக்கிறாங்க, சிலர் தேயவே கூடாதுன்னு எவர்சில்வர்லயே ஸ்டிக்கு கடைஞ்சு விக்கிறாங்க. சென்சாரு பழசே இருக்கும், அதனால அளவு மாறாது, 80ன்னா 80. காந்தம் வச்சு அளக்குற ஹால் எஃபெக்ட் ஸ்டிக்கும் இப்போ வருது, ஒண்ணோட ஒண்ணு ஒரசாம அளக்குறதால சென்சாரு தேயாது, ஆனா அதுலயும் அந்த 80 கணக்க சரியா வச்சிருக்கானான்னு பாத்துத்தான் வாங்கணும், காந்தம்னு எழுதியிருக்குறத மட்டும் பாத்து வாங்காதீங்க, நான் ஏமாந்த மாதிரி.

அப்போ கடையில வாங்கும்போது எப்படிக் கண்டுபுடிக்கிறதுன்னு கேப்பீங்க, அர்டுயினோவ தூக்கிக்கிட்டு போக முடியாதுல்ல. மரியோ 64 போட்டு ஆரம்பத்துல கோட்டைக்கு வெளியே புல்தரையில நின்னுக்கிட்டு ஸ்டிக்க ஒரு நூல் அளவு தள்ளுங்க, அவன் அடி மேல அடி வைக்கணும். இன்னும் ஒரு நூல், நடக்கணும். அப்புறம் மெதுவா ஓட்டம், அப்புறம் முழு ஓட்டம். ஒவ்வொரு கட்டத்துலயும் ஒரு வட்டம் போட்டு நடக்க வைக்க முடிஞ்சா அது நல்ல கன்ட்ரோலர். நின்ன எடத்துல இருந்து ஒரே தாவா ஓடுனான்னா டப்பாவ மூடி கடைக்காரர்கிட்டயே திருப்பிக் குடுத்துடுங்க. முழுசா தள்ளியும் சோம்பலா ஓடுனான்னா அது தேஞ்சு போன ஒரிஜினல், ஆனா அத வாங்கலாம், கிண்ணம் மாத்திக்கலாம், வெலைய மட்டும் கொறச்சுக் கேளுங்க. மரியோ கார்ட்ல டெஸ்ட் பண்ணாதீங்க, அதுல நாம எப்பவும் ஸ்டிக்க கோடிக்கு கோடி ஒடிச்சுக்கிட்டே இருப்போம், எந்த கன்ட்ரோலரும் நல்லாத்தான் தெரியும், என்னை ஆன்லைன்ல வாங்க வச்ச அந்த வீடியோவுலயும் மரியோ கார்ட் மட்டும்தான் ஆடிக் காட்டுனாங்க.

90கள்ல மேட் கேட்ஸ், இன்டராக்ட்னு நிறைய கம்பெனி இந்த கன்சோலுக்கு கன்ட்ரோலர் விட்டிருக்காங்க, அதுல எது எப்படின்னு பேச ஆரம்பிச்சா உங்க பேப்பர் பத்தாது, தவிர எல்லாம் இருபத்தஞ்சு வருஷப் பழசு, இன்னைக்கு கைக்குக் கெடைக்கிறது எப்படி வச்சிருந்தாங்கங்கறதப் பொறுத்தது. எல்லா வீட்லயும் அப்போ ஒரு வழக்கம், ஒரிஜினல் அண்ணனுக்கு, மத்தது தம்பி தங்கச்சிக்கும் விருந்தாளிக்கும். என் தங்கச்சி இன்னைக்கு வரைக்கும் சொல்லுவா, நீ ஜெயிச்சது எல்லாம் கன்ட்ரோலர்ல தான்டான்னு. எங்க வீட்ல ரெண்டும் ஒரிஜினல்தான்னாலும் தேஞ்சதத்தான் அவ கையில குடுப்பேன். இப்போ அந்த 58ங்கற நம்பர அவகிட்ட சொல்லல, சொன்னா இருபது வருஷக் கணக்கையும் திரும்ப எடுப்பா.

கட்டுரை எழுதுனவர் மேல எனக்கு எந்தக் கோபமும் இல்ல, இந்த மாதிரி இன்னும் எழுதட்டும். அடுத்த தடவ இந்தப் பக்கத்துல ஒரு சின்னத் திருத்தம் மட்டும் போட்டா போதும், நின்டெண்டோ 64க்கு உருவத்த பாத்து வாங்காதீங்க, மரியோவ நடக்க விட்டுப் பாத்து வாங்குங்கன்னு. அதோட ஒரு சொந்த விண்ணப்பம், உங்க வாசகர்கள் யார் வீட்டுப் பரண்லயாவது உடைஞ்ச நின்டெண்டோ 64 கன்ட்ரோலர் கெடந்தா, அதுல பட்டன் போயிருந்தாலும் பரவாயில்ல வயர எலி கடிச்சிருந்தாலும் பரவாயில்ல, ஸ்டிக்கு டப்பா மட்டும் முழுசா இருந்தா நான் வாங்கிக்கிறேன், உங்க ஆபீஸ் மூலமா சொல்லி அனுப்புங்க. தேங்காய் எண்ணெய் விட்டது மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
பூச்செடிகிட்ட கடி வாங்குன ஒரு வாசகன்,
திண்டுக்கல்